யூரிப்பிடிஸ்: வாழ்வும் நாடகமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூரிப்பிடிஸ் யார்?

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரில் வாழ்ந்த துன்பியல் நாடகாசிரியர். எஸ்கிலஸ், சோஃபொக்ளிஸ், யூரிப்பிடிஸ் என்று மூவரையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். மூவரில் இளையவர் இவர். எழுதியவை சுமார் 90 நாடகங்கள். முழுமையாகக் கிடைப்பவை 19. அவற்றில் ‘ரீசஸ்’ இவருடையதுதானா என்று பெரும்பாலான அறிஞர்கள் ஐயப்படுகிறார்கள்; அதைக் கழித்தால் 18. மற்ற இருவருக்கும் தலா ஏழுதான் எஞ்சியிருக்கிறது. மூவரிலும் குறைவாகப் பரிசு வாங்கியவரின் நாடகங்களே அதிகமாகப் பிழைத்திருக்கின்றன.

எப்போது, எங்கே பிறந்தார்?

பழைய வாழ்க்கைக் குறிப்புகள் கி.மு. 480-ஐச் சொல்கின்றன. சாலமிஸ் கடற்போரில் கிரேக்கர்கள் பாரசீகக் கடற்படையை முறியடித்த அதே நாளில், அதே தீவில் பிறந்தாராம். அந்தப் போரில் எஸ்கிலஸ் சண்டையிட்டார், பதின்வயதுச் சோஃபொக்ளிஸ் வெற்றி விழாவில் பாட்டுக் குழுவை நடத்தினார், யூரிப்பிடிஸ் பிறந்தார் என்று கதை முடியும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்வதற்கு வசதியாக யாரோ கோத்த கதை என்று பார்த்தவுடனேயே தெரிகிறது. பாரோஸ் தீவில் கிடைத்த காலவரிசைக் கல்வெட்டு அவர் பிறப்பை நாலைந்து ஆண்டுகள் முன்னே தள்ளி வைக்கிறது.

தந்தை பெயர் நெசார்க்கஸ், தாய் கிளெய்டோ. குடும்பத்துக்குச் சாலமிஸில் நிலம் இருந்ததாகச் சொல்வார்கள். அந்தத் தீவின் தென்பகுதியில் கடலைப் பார்த்த ஒரு குகையில் அமர்ந்துதான் எழுதுவார் என்பது பண்டைக் காலத்திலேயே பரவியிருந்த செய்தி. 1990-களில் அங்கே நடந்த அகழாய்வில், யூரிப்பிடிஸின் பெயரில் முதல் சில எழுத்துகள் கீறப்பட்ட கருநிற மண்கிண்ணம் ஒன்று கிடைத்தது. அந்த எழுத்துகள் அவர் காலத்துக்குப் பிந்தியவை. பிற்கால ரசிகர் யாரோ அந்த இடத்துக்கு வந்து காணிக்கையாக விட்டுப்போனதாக இருக்கலாம். எழுத்தாளர் வாழ்ந்த இடத்தைத் தேடிப் போகும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு அந்தக் கிண்ணம் நல்ல சான்று.

அவருடைய அம்மா கீரை விற்றவர் என்கிறார்களே?

அப்படிச் சொன்னது அரிஸ்டோஃபனிஸ். அவர் நகைச்சுவை நாடகாசிரியர். யூரிப்பிடிஸைக் கிண்டல் செய்வதையே பாதித் தொழிலாக வைத்திருந்தவர். கி.மு. 425-இல் மேடையேறிய ‘அக்கார்னியர்கள்’ நாடகத்தில் ஒரு குடியானவன் யூரிப்பிடிஸின் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். பரிதாபமாகத் தோற்றமளிக்க அவனுக்குக் கந்தல் துணி வேண்டும். அதற்கு யூரிப்பிடிஸை விட்டால் யார்? அவருடைய நாயகர்கள்தான் கிழிசலும் கைத்தடியுமாக மேடைக்கு வருகிறவர்கள். கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தவர், எந்த நாடகத்துக் கந்தல் வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். குடியானவன் கந்தலை வாங்குகிறான், தடியை வாங்குகிறான், கூடையை வாங்குகிறான், உடைந்த கிண்ணத்தை வாங்குகிறான். கடைசியில், “அப்படியே உங்கள் அம்மாவிடமிருந்து கொஞ்சம் கீரையும்” என்று கேட்கிறான். அரங்கம் சிரித்திருக்கும்.

அந்த நகைச்சுவைக்கு அடிப்படை என்ன என்பது இன்று பிடிபடுவதில்லை. உண்மை வேறு பக்கம் சாய்கிறது. தாய் நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் ஃபிலோக்கோரஸ் குறிப்பிட்டிருக்கிறார். சிறுவனாக இருந்தபோது யூரிப்பிடிஸ், அப்போலோ கடவுளுக்கு ஆடும் உயர்குடி ஆடவர்களுக்கு மது ஊற்றிக் கொடுக்கும் பணியில் இருந்தார் என்றும் ஒரு குறிப்பு இருக்கிறது. தெருவில் கீரை விற்றவர் மகனுக்கு அந்த இடம் கிடைத்திருக்காது.

இவருடைய ‘வாழ்க்கை வரலாறு’ என்று வழங்குவதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட மேடைக் கிண்டல்களை வரலாறாக்கிய சரக்குதான். மனைவி துரோகம் செய்தார், சாக்ரடீஸ் எழுதிக் கொடுத்தார், மனிதர் சிரிக்கவே மாட்டார் போன்றவை எல்லாம் இந்த வகை. பிற்காலத்தில் வரலாறு எழுத உட்கார்ந்தவர்களுக்கு ஆவணம் குறைவு, நகைச்சுவை நாடகம் நிறைய.

அப்படியானால் உறுதியாகத் தெரிவது எது?

போட்டிப் பதிவுகள். ஏதென்ஸில் நாடகம் என்பது டயோனைசஸ் கடவுளுக்காக அரசு நடத்திய விழா. யார் எந்த ஆண்டு போட்டியிட்டார், எந்த இடம் பெற்றார் என்று பதிந்து வைத்தார்கள். அந்தப் பதிவுகளிலிருந்து பின்னால் வந்தவர்கள் எடுத்தெழுதினார்கள். முதன்முதலில் போட்டியிட்டது கி.மு. 455, கடைசி இடம். முதல் பரிசு வந்தது கி.மு. 441-இல். அதற்கு 14 ஆண்டுகள் காத்திருந்திருக்கிறார். மொத்தம் 22 முறை போட்டியிட்டு, உயிரோடிருந்தபோது நான்கு முறை வென்றார். இறந்த பிறகு ஒருமுறை. சோஃபொக்ளிஸ் அதே டயோனைசஸ் விழாவில் மட்டும் 18 முறை வென்றவர், ஒருபோதும் கடைசி இடத்துக்குப் போகாதவர்.

அந்தப் போட்டி எப்படி நடந்தது?

வசந்த காலத்தில், டயோனைசஸ் கடவுளின் விழாவில், அக்ரோபொலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் இருந்த திறந்தவெளி அரங்கில். மூன்று கவிஞர்களை அதிகாரி முன்கூட்டியே தேர்ந்தெடுப்பார். ஒவ்வொருவரும் மூன்று துன்பியல் நாடகங்களும், குதிரை வாலும் காதுமாக ஆடும் வனதேவதைகளை வைத்து ஒரு கேலி நாடகமும் கொடுக்க வேண்டும். கோரஸுக்கு, அதாவது பாடி ஆடும் குழுவுக்கு, ஆகும் பயிற்சிச் செலவை ஒரு செல்வந்தர் ஏற்பார். அது அவருக்கு ஒருவகை வரி. எல்லாரும் ஆண் நடிகர்கள், எல்லாருக்கும் முகமூடி, பேசும் பாத்திரங்களுக்கு மூன்றே பேர். கவிஞரே இசை அமைப்பார், பழக்குவார்.

தீர்ப்பளிக்கச் சீட்டுக் குலுக்கி பத்துப் பேரை எடுப்பார்கள். பத்து வாக்குகளையும் எண்ணுவதில்லை. அதிலும் சிலவற்றைக் குலுக்கி எடுத்துத்தான் முடிவு சொல்வார்கள். தெய்வத்தின் விருப்பத்துக்கு இடம் விடுவதற்காகவாம். தோல்விகளை எடைபோடும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

‘மெடியா’வுக்குக் கடைசிப் பரிசா?

ஆம், கி.மு. 431-இல். முதல் பரிசு எஸ்கிலஸின் மகன் யூஃபோரியனுக்கு, இரண்டாவது சோஃபொக்ளிஸுக்கு. யூஃபோரியனின் அந்த நாடகங்களில் ஒன்றுகூட இன்று இல்லை.

கதை எளிது. தந்தையையும் நாட்டையும் விட்டு ஜேசனோடு வந்தவள் மெடியா. கொரிந்த் நகரில் ஜேசன் அவளைக் கைவிட்டு அரசன் மகளை மணக்கிறான். நாடு கடத்தப்படும் மெடியா ஒரே ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்குகிறாள். அந்த ஒரு நாளில் மணப்பெண்ணும் அரசனும் நஞ்சு தோய்ந்த ஆடையால் சாகிறார்கள். பிறகு தன் இரு மகன்களையும் தானே கொல்கிறாள்.

பழைய கதை வடிவங்களில் குழந்தைகளைக் கொன்றவர்கள் கொரிந்த் மக்கள் என்றும் உண்டு. தாயே தெரிந்தே செய்வதாக மாற்றியது யூரிப்பிடிஸ்தான் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். பழியைத் தங்கள் தலையிலிருந்து மாற்ற, கொரிந்த் நகரத்தார் அவருக்கு ஐந்து டாலண்ட் வெள்ளி, அதாவது பெருந்தொகை, கொடுத்தார்கள் என்று ஒரு வதந்தியும் இருந்தது. எதையும் நம்பிவிடும் உரையாசிரியர்களுக்குக் குறைவே இருந்ததில்லை.

இந்த நாடகத்தில் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியது கொலைக்கு முந்தைய தனிமொழி. பிள்ளைகளை நாடு கடத்தும் தண்டனை நீங்கிவிட்டது என்ற ‘நல்ல செய்தி’யோடு அவர்களைப் பார்த்துக்கொள்ளும் முதியவர் வருகிறார். மெடியா அழுகிறாள், அவருக்குப் புரியவில்லை. அவர் உள்ளே போனதும் குழந்தைகளைப் பார்த்துப் பேசத் தொடங்குகிறாள். உங்கள் திருமணத்துக்கு நான் இருக்க மாட்டேன், முதுமையில் நீங்கள் என்னைப் பேணுவீர்கள் என்று நினைத்தேன் என்கிறாள். அவர்கள் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான், தீர்மானம் உடைகிறது: முடியாது, கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்கிறாள். அடுத்த சில வரிகளில், எதிரிகள் என்னைப் பார்த்து நகைப்பதா என்று திரும்புகிறாள். மறுபடி இளகுகிறாள். மறுபடி இறுகுகிறாள். செய்யப்போவது எவ்வளவு தீயது என்று எனக்குத் தெரிகிறது, ஆனாலும் என் சினம் என் யோசனையை மிஞ்சி நிற்கிறது என்று முடிக்கிறாள். தீமை என்று தெரிந்தே ஒருவர் தீமை செய்ய முடியுமா என்பது சாக்ரடீஸ் வட்டத்தில் தீராத விவாதம். யூரிப்பிடிஸ் அதை ஒரு பெண்ணின் வாயில் வைத்து, மேடையில், குழந்தைகளை எதிரே நிறுத்திக் கேட்டுவிட்டார்.

முடிவில் மெடியாவுக்குத் தண்டனை இல்லை. பாட்டனான சூரியன் அனுப்பிய தேரில், அரங்கத்துப் பாரந்தூக்கியின் உதவியால் மேலே நின்று, கீழே கதறும் ஜேசனோடு பேசிவிட்டுப் போகிறாள். வழக்கமாகக் கடவுள் தோன்றும் இடம் அது. இப்படி வெளியிலிருந்து வரும் தீர்வு கதைக்குள்ளிருந்து முளைக்கவில்லை என்று அரிஸ்டாட்டில் குறை சொன்னார். எனக்கு அந்தக் குறை ஒப்பவில்லை. தெய்வம் நிற்க வேண்டிய உயரத்தில் கொலைகாரி நிற்பதைப் பார்க்கும் திகைப்புதானே அந்தக் காட்சி?

அவர் பெண்களை வெறுத்தவரா, பெண்களின் பக்கம் நின்றவரா?

இரண்டு வாதத்துக்கும் அவரிடமே வரிகள் கிடைக்கும். பிள்ளை பெறுவதைவிட மும்முறை கேடயத்தோடு போர்முனையில் நிற்பேன் என்று மெடியா சொல்கிறாள். ‘ஹிப்போலிட்டஸ்’ நாயகன், பெண்களே இல்லாமல் கோயிலில் பொன் கொடுத்துப் பிள்ளைகளை வாங்கும்படி கடவுள் செய்திருக்கலாகாதா என்று பொருமுகிறான். இரண்டும் பாத்திரங்களின் பேச்சு. கி.மு. 411-இல் அரிஸ்டோஃபனிஸ் எழுதிய நாடகத்தில் ஏதென்ஸ் பெண்கள் கூடி, எங்கள் குட்டையெல்லாம் மேடையில் உடைக்கிறான் என்று யூரிப்பிடிஸுக்குத் தண்டனை கேட்கிறார்கள். பெண் வெறுப்பாளர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதற்கு அந்த நகைச்சுவை முக்கியக் காரணம். பார்த்தவர்கள் பெரும்பாலும் ஆண்களாக இருந்த அரங்கில், மனைவி, அடிமைப்பெண், செவிலி, விதவை ஆகியோருக்கு இத்தனை நீளமான பேச்சுகளை எழுதியவரை வெறுப்பாளர் என்பது எனக்குச் சரியாகப்படவில்லை.

மற்ற இருவரிடமிருந்து எதில் வேறுபடுகிறார்?

மனிதர்கள் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி நான் படைக்கிறேன், எப்படி இருக்கிறார்களோ அப்படி யூரிப்பிடிஸ் படைக்கிறார் என்று சோஃபொக்ளிஸ் சொன்னதாக அரிஸ்டாட்டில் பதிந்திருக்கிறார். இதைக் கண்ணால் பார்க்க ‘எலெக்ட்ரா’வைத் திறக்கலாம். நாடு கடந்திருந்த தம்பி ஓரெஸ்டிஸ் ஊர் திரும்பியதை அக்காள் எலெக்ட்ரா எப்படி அறிகிறாள்? எஸ்கிலஸின் நாடகத்தில் கல்லறையில் கிடக்கும் முடிக்கற்றை, காலடித் தடம், அவள் நெய்த துணி ஆகியவற்றைக் கொண்டு. யூரிப்பிடிஸில் ஒரு கிழவர் அதே மூன்றையும் சான்றாகச் சொல்லிப் பார்க்கிறார். எலெக்ட்ரா மூன்றையும் தள்ளுகிறாள். மல்யுத்தக் களத்தில் வளர்ந்த ஆணின் முடியும் வாரிப் பின்னிய பெண்ணின் முடியும் ஒன்றுபோலவா இருக்கும்? பாறைத் தரையில் தடம் எங்கே பதியும்? பதிந்தாலும் ஆணின் பாதம் பெரிதல்லவா? சிறுவயதில் போட்ட சட்டை உடம்போடு சேர்ந்து வளருமா? கடைசியில் அடையாளம் காட்டுவது புருவத்துத் தழும்பு. சிறுவயதில் மான்குட்டியைத் துரத்தி விழுந்தபோது பட்டது. அரண்மனை இளவரசி இந்த நாடகத்தில் ஓர் ஏழை உழவனின் மனைவியாகத் தண்ணீர் சுமக்கிறாள். உழவன்தான் அதில் ஆகக் கண்ணியமான மனிதன்.

நாத்திகரா?

சொல்ல முடியாது. அவருடைய பாத்திரங்கள் கடவுள்களைக் குறுக்கு விசாரணை செய்கின்றன. கடவுள்களும் பெரும்பாலும் நல்லவிதமாக நடந்துகொள்வதில்லை. ‘நாக்குதான் சத்தியம் செய்தது, மனம் செய்யவில்லை’ என்ற ஹிப்போலிட்டஸின் வரி பெரும் வம்பாயிற்று. சொத்து வழக்கு ஒன்றில் எதிராளி, பொய்ச் சத்தியத்துக்குத் துணைபோகும் வரியை எழுதியவர் என்று அவர்மீது குற்றம் சாட்டினார். நாடகத்துக்கான தீர்ப்பை விழாவில் வைத்துக்கொள்வோம், நீதிமன்றத்துக்கு இழுக்க வேண்டாம் என்று யூரிப்பிடிஸ் பதில் சொன்னாராம். வேடிக்கை என்னவென்றால், ஹிப்போலிட்டஸ் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றியே சாகிறான்.

‘டிராய் பெண்கள்’ போர் எதிர்ப்பு நாடகமா?

கி.மு. 415 வசந்தத்தில் மேடையேறியது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் ஏதென்ஸ் படை மீலோஸ் தீவை வீழ்த்தி, ஆண்களைக் கொன்று பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. நாடகத்தில் டிராய் நகரம் கிரேக்கர்களிடம் வீழ்ந்துவிட்டது. எந்தப் பெண் யாருக்கு அடிமை என்று கிரேக்கர்கள் சீட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். இறந்துபோன டிராய் வீரன் ஹெக்டரின் சின்ன மகனை மதில் மேலிருந்து எறிகிறார்கள். தந்தையின் கேடயத்தையே பாடையாக்கி பாட்டி ஹெக்குபா அவனை அடக்கம் செய்கிறாள். மீலோஸுக்குப் பதிலாகவே எழுதினார் என்று அடித்துச் சொல்ல முடியாது. நாடகங்களை மாதக்கணக்கில் முன்பே தேர்ந்தெடுத்துவிடுவார்கள். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் மீலோஸிலிருந்து திரும்பிய வீரர்களும் இருந்திருப்பார்கள். பரிசு இரண்டாவது. முதலில் வந்த செனோக்ளிஸ் யார் என்று இன்று தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாய்கள் கடித்து இறந்தார் என்பது உண்மையா?

நம்ப வேண்டாம். எழுபதைத் தாண்டிய வயதில், கி.மு. 408-ஐ ஒட்டி, மாசிடோனிய மன்னன் ஆர்க்கெலாவுஸின் அரசவைக்குப் போனார், கி.மு. 406 வாக்கில் அங்கேயே இறந்தார் என்பது மரபு. அங்கே மன்னனின் வேட்டை நாய்கள் குதறின என்பது பின்னால் சேர்ந்தது. செய்தி ஏதென்ஸுக்கு வந்ததும் சோஃபொக்ளிஸ் துக்க உடை அணிந்து, தன் கோரஸை மாலையின்றி விழா முன்னோட்டத்துக்குக் கூட்டி வந்தாராம். கி.மு. 405-இல் அரிஸ்டோஃபனிஸின் ‘தவளைகள்’ வந்தது. நல்ல கவிஞர் எவரும் மிச்சமில்லை என்று டயோனைசஸ் கடவுள் யூரிப்பிடிஸை மீட்டு வரப் பாதாளத்துக்குப் போகிறார். நாய்க் கதை உண்மையாக இருந்திருந்தால் அரிஸ்டோஃபனிஸ் அதை விட்டுவைத்திருப்பாரா? அந்த நாடகத்தில் ஒரு குரைப்புகூட இல்லை. அந்த மௌனத்தைக் காட்டி, மாசிடோனியப் பயணத்தையே சந்தேகிக்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள்.

‘பாக்கே’ உள்ளிட்ட கடைசி நாடகங்களை, குடும்பத்தைச் சேர்ந்த இளைய யூரிப்பிடிஸ் மேடையேற்றினார். முதல் பரிசு கிடைத்தது.

வாழ்ந்தபோது மதிப்பே இல்லையா?

பரிசு குறைவு, புகழ் குறைவில்லை. 22 முறை போட்டிக்கு அனுமதி கிடைத்ததே பெரிய மதிப்பு. கி.மு. 413-இல் சிசிலியில் ஏதென்ஸ் படை அழிந்து, பிடிபட்டவர்களை சிரக்கூஸ் நகரத்தின் கற்குவாரிகளில் அடைத்தார்கள். யூரிப்பிடிஸின் பாடல்களை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கிடைத்தன, சிலர் விடுதலையும் பெற்றார்கள், ஊர் திரும்பி அவரைத் தேடிப் போய் நன்றி சொன்னார்கள் என்று வாழ்க்கை வரலாறுகள் எழுதிய கிரேக்கர் புளூடார்க் எழுதுகிறார். அவர் எழுதியது ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின். கொஞ்சம் மெருகு ஏறியிருக்கும்.

இவருடைய நாடகங்கள் மட்டும் ஏன் இவ்வளவு பிழைத்தன?

பாதி மக்களின் விருப்பம், பாதி குருட்டு அதிர்ஷ்டம். அவர் மறைந்த பின் நான்காம் நூற்றாண்டு முழுக்க நடிகர்கள் அவரைத்தான் அதிகம் மேடையேற்றினார்கள். பள்ளிகளுக்கென்று உரையோடு தொகுத்த பத்து நாடகங்கள் அப்படியே கைமாறி வந்தன. மீதி ஒன்பது வந்த விதம்தான் விசித்திரம்: ‘ஹெலன்’, ‘எலெக்ட்ரா’, ‘ஹெராக்ளிஸ்’, ‘இயோன்’, இரண்டு ‘இஃபிகெனியா’, ‘சைக்ளாப்ஸ்’ முதலிய அவை கிரேக்க நெடுங்கணக்கில் அடுத்தடுத்த சில எழுத்துகளில் தொடங்குகின்றன. மொத்த நாடகங்களையும் அகரவரிசையில் அடுக்கியிருந்த ஒரு முழுத் தொகுப்பின் நடுப்பகுதி மட்டும் எப்படியோ தப்பி, 14-ஆம் நூற்றாண்டில் தெசலோனிக்கி நகர அறிஞர் ட்ரிக்லினியஸின் கைக்குக் கிடைத்திருக்கிறது. அந்தப் படி இப்போது ஃபுளோரன்ஸ் நூலகத்தில் இருக்கிறது. யாரும் தேர்ந்தெடுக்காத இந்த ஒன்பதில் சுமாரானதும் உண்டு, அற்புதமானதும் உண்டு. ஒரு கவிஞரின் அன்றாட வேலையைப் பார்க்க அதுவே வசதி.

தென்னிந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

ஒரு சுற்றுவழித் தொடர்பு உண்டு. எகிப்தின் ஆக்சிரிங்கஸில் கிடைத்த பாப்பிரஸ் சுவடி ஒன்றில் கிரேக்கக் கேலி நாடகம் இருக்கிறது. கரிட்டியன் என்ற கிரேக்கப் பெண் இந்தியக் கடற்கரைக் கோயில் ஒன்றில் சிக்கியிருக்கிறாள். மீட்க வரும் அண்ணன் குழு, நீர் கலக்காத மதுவை ஊற்றி அரசனை வீழ்த்திவிட்டுக் கப்பலேறுகிறது. தொலைநாட்டுக் கோயிலில் பூசாரிணியாக இருப்பவளைச் சகோதரன் மீட்பது யூரிப்பிடிஸின் ‘டாரிஸ் நாட்டில் இஃபிகெனியா’. மதுவால் வீழ்த்துவது ‘சைக்ளாப்ஸ்’. கோமாளி ஒருவன் வயிற்றுக் காற்றையே ஆயுதமாகப் பயன்படுத்துவது மட்டும் இந்த ஆசிரியரின் சொந்தச் சரக்கு. இந்தியப் பாத்திரங்கள் பேசுவது பழங்கன்னடம் என்று ஹுல்ட்ஷ் என்ற கல்வெட்டறிஞர் வாதிட்டார். துளு என்பார் உண்டு. வெறும் உளறல் என்பாரும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை.

புதிதாக ஏதாவது கிடைக்கிறதா?

கிடைக்கிறது. 2022-இல் எகிப்தின் ஃபிலடெல்ஃபியா என்ற பழைய ஊரின் இடுகாட்டில் எடுத்த பாப்பிரஸில், தொலைந்துபோன ‘இனோ’, ‘பாலியிடஸ்’ நாடகங்களின் ஏறத்தாழ நூறு வரிகள் இருந்தன. பெரும்பாலானவை அதுவரை யாரும் அறியாதவை. 2024-இல் அச்சில் வந்தன.

எதை முதலில் படிக்கலாம்?

‘மெடியா’. அடுத்து ‘பாக்கே’. அதன்பின் மனம் இளைப்பாற ‘இயோன்’: கோயில் வாசலைப் பெருக்கிக்கொண்டே, எச்சமிட வரும் பறவைகளை வில்லைக் காட்டி விரட்டும் ஓர் அநாதைப் பையனோடு தொடங்குவது. ‘டிராய் பெண்கள்’ படிக்க ஒரு நல்ல நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அந்த நாள் கெட்டுவிடும்.